மழைக்காட்டு இருட்டுக்கு எந்த லென்ஸ்? வால்பாறையில் பட்டுத் தெரிந்துகொண்டவை

வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை நேரத்தில், காலை பத்து மணிக்கு, சோலைக்குள் நின்று கேமராவைக் கண்ணில் வைத்தால் எஃப் 5.6-ல் ஐஎஸ்ஓ 6400 போட்டும் ஷட்டர் 1/100-க்கு மேல் ஏறாது. (எஃப் எண் லென்ஸ் திறப்பு, எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பது. ஷட்டர் 1/100 என்றால் நொடியில் நூற்றில் ஒரு பங்கு.) கேமரா பழசாகிவிட்டது என்று நினைத்து உடனே புது பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, வாங்கக் கிளம்புகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். பாடியில் ஒன்றும் இல்லை, கணக்கே அப்படித்தான். நல்ல வெயிலுக்கு எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்பது பிலிம் காலத்திலிருந்து வரும் விதி. எஃப் 5.6-க்குத் திறந்தால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அல்லது பாதி) கூடி அது 1/800 ஆகும். பசுமைமாறாக் காட்டில் மர உச்சிகளைத் தாண்டித் தரைக்கு வந்து சேர்வது அந்த வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், அதாவது ஆறு ஸ்டாப் போச்சு, ஐஎஸ்ஓ 100 இருந்த இடத்தில் 6400 வந்து உட்கார்ந்துவிடும். மேலே மழைமேகம் இருந்தால் இன்னொரு மூன்று ஸ்டாப். 1/800 இப்போது 1/100. பந்திப்பூரிலும் ரந்தம்பூரிலும் திறந்த வெளியில் எடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்து திணறுவது இதனால்தான்.

நான் கோவைக்காரன். ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காடு வந்துவிடும் என்பதால் பெரும்பாலும் போவது அங்கேதான். எடுப்பது சிங்கவால் குரங்கு, இருவாச்சி, காட்டுமாடு, கிடைத்தால் மலையணில். ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்கும், அது வெட்டவெளி, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, எந்த லென்ஸிலும் எடுக்கலாம், அதை விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது சோலைக்குள் இருக்கும் கதை மட்டும்.

லென்ஸ் வாங்கும்போது எல்லோரும் இரண்டு எண்களைப் பார்க்கிறார்கள். ஒன்று எத்தனை எம்எம் (கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்), இன்னொன்று எஃப் எவ்வளவு. இருட்டுக்கு எஃப் 2.8 வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 70-200 எஃப் 2.8 வாங்கிக்கொண்டு இருவாச்சி எடுக்க வருகிறார்கள். இருவாச்சி எங்கே இருக்கிறது? அத்திமரத்து உச்சியில், நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி. 200 எம்எம்-ல் அது ஃப்ரேமின் நடுவில் ஒரு புள்ளி. வீட்டுக்கு வந்து கிராப் செய்கிறார்கள், அதாவது சுற்றியுள்ளதை வெட்டிப் பறவையைப் பெரிதாக்குகிறார்கள், நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளிக் கறை கொட்டுகிறது, எஃப் 2.8 போட்டும் இப்படியா என்று கேமராவைத் திட்டுகிறார்கள்.

பார்க்க வேண்டிய எண் மூன்றாவது ஒன்று. எம்எம்-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் வருவது, அதுதான் லென்ஸின் உண்மையான வாய் அகலம். மழைக்கு வாசலில் பாத்திரம் வைப்பது போலத்தான், சொம்பு வைத்தால் சொம்பளவு, அண்டா வைத்தால் அண்டாவளவு. ஒரே இடத்தில் நின்று, ஒரே பறவையை எடுத்து, கடைசியில் கிராப் செய்து ஒரே அளவுக்குக் கொண்டுவரப் போகிறோம் என்றால், அந்தப் பறவையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் நமக்குச் சேர்ந்தது என்பதை இந்த வாய் அகலமும் ஷட்டரும்தான் முடிவு செய்யும். 200 எம்எம் எஃப் 2.8-க்கு வாய் 71 மில்லிமீட்டர். 500 எம்எம் எஃப் 5.6-க்கு 89. பரப்பளவில் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் அதிகம். “ஸ்லோ லென்ஸ்” என்று ஒதுக்கப்படும் 5.6 இங்கே ஜெயிக்கிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடை அலமாரியைப் பார்த்தால் பல சங்கதிகள் தெளிவாகும். நிக்கானின் 300 எஃப் 4 லென்ஸுக்கு வாய் 75. அவர்களுடைய 400 எஃப் 4.5-க்கும் 500 எஃப் 5.6-க்கும் ஒரே 89, கிராப் செய்தால் இரண்டும் ஒரே தட்டில். 600 எஃப் 6.3-க்கு 95, சோனி 200-600-ஐ முழுசாக நீட்டினாலும் அதே 95. கேனன் 100-500 கடைசி முனையில் எஃப் 7.1 என்பதால் 70 தான், பகலில் அருமையான லென்ஸ், ஜூலை மாதச் சோலைக்கு நான் சொல்லமாட்டேன். 2020-ல் வந்த கேனன் 600 எஃப் 11-க்கு வாய் 55. விலையும் எடையும் ஆசை காட்டும், வேடந்தாங்கல் மாதிரி திறந்த ஏரிக்கு எடுத்துப்போங்கள், சோலைக்கு வேண்டாம். மேல்தட்டில் 300 எஃப் 2.8-க்கு 107, 400 எஃப் 2.8-க்கு 143, 600 எஃப் 4-க்கு 150.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். விலங்கு ஃப்ரேம் நிறைய வருகிற தூரத்தில் இருந்தால் இந்தக் கணக்கு வேண்டியதில்லை, அங்கே எஃப் எண்தான் பேசும். வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுத்தோட்டம் எஸ்டேட்டின் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்துக்கே வரும், மின்கம்பத்தில் உட்காரும், அவற்றுக்காகச் சாலைக்கு மேலே கட்டிய பாலத்தில் வரிசையாகக் கடக்கும். அந்த நேரத்தில் 70-200 எஃப் 2.8 வைத்திருப்பவன்தான் ராஜா, 500 வைத்திருப்பவன் பின்னாலேயே நடந்து போய்க்கொண்டிருப்பான். (அந்தக் குரங்குகளுக்கு பிஸ்கட் போட்டுப் பக்கத்தில் வரவழைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு எந்த லென்ஸும் சிபாரிசு செய்வதாக இல்லை.) ஆட்டோஃபோகஸுக்கும் எஃப் எண் முக்கியம், எஃப் 2.8 லென்ஸ் மூடுபனியில் பிடிக்கிற ஃபோகஸை எஃப் 6.3 தேடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் 400 எஃப் 2.8 தானே பதில்? வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். நிக்கானின் டிஎஸ்எல்ஆர் காலத்து எஃப்எல் லென்ஸ், எடை 3.8 கிலோ. படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலத்தான் வருகிறது, பின்னால் இருக்கும் இலையெல்லாம் கரைந்து குரங்கு மட்டும் தனியாக நிற்கும். ஆனால் சோலையோரம் நிற்பது சஃபாரி ஜீப்பில் உட்கார்ந்திருப்பது மாதிரி இல்லை. கழுத்தை அண்ணாந்து, லென்ஸை மேலே நோக்கிப் பிடித்து, இலைக்கு நடுவே ஓர் இடைவெளியில் குரங்கின் முகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். கால் பக்கம் அட்டை ஏறிக்கொண்டிருக்கும். 3.8 கிலோவோடு கேமரா பாடியும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் தூக்கி நிற்க முடியவில்லை, மோனோபாடில், அதாவது ஒற்றைக்கால் ஸ்டாண்டில், வைத்தால் அந்தச் செங்குத்துக் கோணத்துக்கு ஒத்துவரவில்லை. இறக்கி வைத்த நேரத்தில்தான் முகம் வெளியே வரும், அது ஒரு சாபம்.

நான் இப்போது தூக்குவது நிக்கான் 500 எஃப் 5.6 பிஎஃப், 2018-ல் வந்தது, எடை 1,460 கிராம். பாடி டி500, 860 கிராம். இரண்டும் சேர்ந்தே, இதற்கு முன்னால் வைத்திருந்த 200-500 லென்ஸ் மட்டும் இருந்த எடைதான், அது 2.3 கிலோ. வாய் அகலம் இரண்டுக்கும் ஒன்றே, ஆக வெளிச்சத்தில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. லாபம் கையில். காலையிலிருந்து மதியம்வரை கண்ணிலேயே வைத்திருக்க முடிகிறது, கை நடுங்காததால் 1/100-ல் எடுத்த படம் கூர்மையாக வருகிறது, முன்பு அதே கூர்மைக்கு 1/250 தேவைப்பட்டது. அதாவது எடை குறைந்ததே எனக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. 143 மில்லிமீட்டர் வாய்க்கும் 89 மில்லிமீட்டர் வாய்க்கும் நடுவே உள்ள வித்தியாசமே சுமார் ஒன்றரை ஸ்டாப்தான் என்பதை நினைத்தால், அந்தப் பல லட்ச ரூபாய் எனக்கு எங்கே போயிருக்கும் என்று தெரிகிறது. ஜிம்முக்குப் போகிற இருபத்தைந்து வயதுக்காரர் வேறு முடிவுக்கு வரலாம், அதுவும் சரிதான்.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி எம்எம்-ஐக் கூட்டுகிற டெலிகன்வர்ட்டர் பற்றிக் கேட்பார்கள். 1.4 எக்ஸ் போட்டால் ஒரு ஸ்டாப் போகும், 500 எஃப் 5.6 என்பது 700 எஃப் 8 ஆகும், வாய் அகலம் அதே 89. பறவையிலிருந்து வருகிற வெளிச்சம் ஒரு துளிகூடக் கூடாது, ஆட்டோஃபோகஸ் மட்டும் திணறும். இருட்டில் கழற்றிப் பையில் போடுங்கள். 300 எஃப் 2.8 வைத்திருப்பவருக்கு மட்டும் அது வரப்பிரசாதம், 420 எஃப் 4 கிடைக்கும், வாய் 107-ஆகவே இருக்கும். பழைய 300 எஃப் 2.8 செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்து, மூன்று கிலோ தூக்க முடியும் என்றால், இருட்டுக்கு அதைவிட மலிவான வழி எனக்குத் தோன்றவில்லை.

பாடி விஷயத்துக்கு வருவோம். பழைய பிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம்தான் இருட்டுக்கு நல்லது என்பது பாதி உண்மை. சென்சார் பரப்பு, டி500-ல் இருப்பது போன்ற சிறிய கிராப் சென்சாரைவிட இரண்டேகால் மடங்கு, அதனால் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேலே லாபம், ஆனால் அந்தப் பரப்பு முழுவதையும் விலங்கால் நிரப்பினால்தான். வெடிப்பலா மரத்து உச்சியில் உட்கார்ந்து காயை உடைக்கிற குரங்கை ஒரே லென்ஸால் இரண்டு கேமராவிலும் எடுத்தால், ஃபுல் ஃப்ரேமில் சுற்றிலும் இலை அதிகம் வரும், அவ்வளவுதான். அதை வெட்டிவிட்டால் மிச்சம் ஒன்றே. 45.7 மெகாபிக்சல் டி850-ஐ கிராப் முறையில் வைத்தால் 19 மெகாபிக்சல் சொச்சம் வரும், டி500-ல் 20.9. இரண்டு குரங்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்கு டீ வாங்கித் தருகிறேன். தூரத்துப் பறவையே உங்கள் வேலை என்றால் ஃபுல் ஃப்ரேமுக்கு வைத்திருக்கும் பணத்தை லென்ஸுக்குத் திருப்புங்கள். காட்டுமாடு, யானை மாதிரி பெரிய உருவம், கிட்டத்தில் கிடைப்பது என்றால் ஃபுல் ஃப்ரேம் கண்டிப்பாகக் கைகொடுக்கும்.

உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா எனக்குப் பிடித்தது வேறொரு காரணத்துக்காக. எலக்ட்ரானிக் ஷட்டரில் வைத்தால் சத்தமே வராது. அத்திமரத்தடியில் நிற்கும்போது டி500-ன் பட படவென்ற சத்தத்துக்கு இருவாச்சி ஒருமுறை தலையைச் சாய்த்துக் கீழே பார்க்கும், பக்கத்தில் சோனி வைத்திருக்கும் நண்பரை அது கண்டுகொள்வதே இல்லை. இருட்டில் வ்யூஃபைண்டர் படத்தை வெளிச்சமாக்கிக் காட்டுவதும் நல்ல உதவி. கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஆட்டோஃபோகஸ் பறவைகளிடம் பிரமாதம், சிங்கவால் குரங்கிடம் அடிக்கடி தோற்றுப்போகிறது. கறுப்பு முகம், அதில் கறுப்புக் கண், மேலே இலை நிழல், கேமரா பாவம் என்ன செய்யும். அங்கே எந்த கேமராவாக இருந்தாலும் நான் செய்வது ஒன்றுதான்: ஒற்றைப் புள்ளி ஃபோகஸை நடுவில் வைத்து, கறுப்பு முகமும் வெள்ளிப் பிடரியும் சேருகிற விளிம்பில், கன்னத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். அந்த விளிம்பில் கான்ட்ராஸ்ட் இருப்பதால் லென்ஸ் டக்கென்று பிடிக்கும். கன்னமும் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே தளம், 5.6-ல் இரண்டும் கூர்மையாகவே வரும். லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்சைத் தூரத்துக்குத் தள்ளி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் முன்னால் தொங்கும் இலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷட்டர் ஸ்பீட் பற்றிய பயத்தை முதலில் விட வேண்டும். 500 எம்எம் என்றால் 1/500 வேண்டும் என்று படித்ததெல்லாம் ஸ்டெபிலைசேஷன் வராத காலத்து விதி. விலங்கு எவ்வளவு அசைகிறது என்பதைப் பாருங்கள். காட்டுமாடு நம்மைப் பார்த்துவிட்டால் சிலையாக நிற்கும், கார் கதவில் பீன் பேக் (லென்ஸைத் தாங்க அரிசி நிரப்பிய பை) வைத்து 1/30-ல் எடுக்கலாம். குரங்கு காயைக் கடிக்கும்போது கை அசையும், தலை ஒரு கணம் நிற்கும், 1/100-ல் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக அடித்தால் ஒன்று நிச்சயம் தேறும். இருவாச்சி பறப்பதை நிறுத்திப் பிடிக்க 1/1600 வேண்டும், அது இந்த வெளிச்சத்தில் நடக்காது, வீணாக ஐஎஸ்ஓவை ஏற்றிக் குப்பையைச் சேர்க்காமல் பழம் தின்ன உட்காரும்வரை நான் காத்திருப்பேன். அதன் சிறகுச் சத்தம் கேட்கும்போது கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அண்ணாந்து பார்ப்பதே போதும்.

ஐஎஸ்ஓ கூடினால் நாய்ஸ் கூடும் என்பதால் 3200-ல் நிறுத்திவைத்து, படம் இரண்டு ஸ்டாப் இருட்டாக வந்தாலும் பரவாயில்லை, கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. இதில் சல்லிக்காசு மிச்சமில்லை. நாய்ஸ் வருவது வெளிச்சம் குறைவாகச் சேர்ந்ததால். 3200-ல் எடுத்து இரண்டு ஸ்டாப் ஏற்றியதும், நேரடியாக 12800-ல் எடுத்ததும் ஒன்றேதான், சில கேமராக்களில் முன்னது இன்னும் மோசம். மேனுவலில் ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் வைத்துவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுவிடுங்கள். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் மட்டும் கட்டைவிரல் எப்போதும் இருக்கட்டும்: மூடுபனி வானத்துக்கு எதிரே கிளையில் குரங்கு என்றால் கூட்டி ஒன்றரை, இரண்டுகூட வைக்கலாம், வானம் வெளுத்துப்போனால் போகட்டும். புதருக்குள் காட்டுமாடு ஃப்ரேம் நிறைய நின்றால் குறைத்து 0.7, இல்லையென்றால் கறுப்பு மாட்டைச் சாம்பல் மாடாக்கிவிடும், ஐஎஸ்ஓவுக்குத் தேவையில்லாத சுமை.

ரா ஃபார்மேட்டில் எடுக்க வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டீனாய்ஸ், அதற்கு முன்பே இருந்த டிஎக்ஸ்ஓ டீப்பிரைம், நாய்ஸை நீக்கும் இந்த மென்பொருள்கள் வந்த பிறகு என் கணக்கில் இரண்டு ஸ்டாப் சும்மா கிடைத்த மாதிரி. புது பாடிக்குச் செலவு செய்வதற்கு முன்னால் இதற்குச் செலவு செய்யலாம், ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் ஒரு படத்துக்கு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். நனைந்த குரங்கு முடியில் புழு புழுவாக ஏதோ வரையும், இருவாச்சி கழுத்து இறகில் இல்லாத வரிகளை உண்டாக்கும். ஐம்பதுக்குக் கீழே வைத்து, மிச்ச நாய்ஸை அப்படியே விட்டுவிடுவது என் பழக்கம்.

ஃப்ளாஷ் பேச்சே வேண்டாம். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி கிடையாது, கிடைக்கிற இடத்திலும் அடிக்காதீர்கள்.

பீன் பேக் காலியாக எடுத்துப்போய் வால்பாறைக் கடையில் இரண்டு கிலோ ரேஷன் ரக அரிசி வாங்கி நிரப்பிக்கொள்வேன், பாலித்தீன் பைக்குள் கட்டி அப்புறம் துணிப்பைக்குள். திரும்பும்போது அரிசி, எங்களைக் கூட்டிப்போகும் ஜீப் அண்ணன் வீட்டுக்கு. கார் கண்ணாடியைப் பாதி இறக்கி அதன் மேல் பையைப் போட்டு லென்ஸை வைத்தால் ட்ரைபாடை விட மேல். இன்ஜினை அணைக்கச் சொல்ல மறக்காதீர்கள். “அண்ணே, வண்டிய ஆஃப் பண்ணிடுங்க” என்றால் அவர், “பண்ணிட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகுமான்னு தெரியல சார்” என்பார், ஆனாலும் அணைப்பார்.

ஈரம்தான் லென்ஸுக்கு எமன். ஏசி காரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் முன் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்து பதினைந்து நிமிடம் போய்விடும், ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். தூறலுக்கு லென்ஸ் ஹூட் போதும், வலுத்தால் ஒரு பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும். வீடு திரும்பியதும் பையிலேயே விட்டுவைக்காமல், துடைத்து, மூடி கழற்றி மின்விசிறிக்குக் கீழே ஒரு ராத்திரி, பிறகு சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா. முடிந்தால் ட்ரை கேபினட் வாங்கி 45 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்கும்போது பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், பூஞ்சை அது.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறவர் என்னிடம் கேட்டால், பணம் இறுக்கமாக இருந்தால் செகண்ட் ஹேண்டில் டி500 அல்லது டி7500, அதனுடன் 200-500. டி500 தயாரிப்பு 2022-லேயே நின்றுவிட்டது, அதனால் பழையது சந்தையில் நிறைய கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சோனி 200-600 அல்லது நிக்கான் இசட் 180-600. அதற்கும் மேல் என்றால் எடை குறைந்த 500 எஃப் 5.6, 400 எஃப் 4.5, 600 எஃப் 6.3 இவற்றில் ஒன்று. எதுவானாலும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வெயிலில் சோதிக்காமல், சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் எதிர்வீட்டு ஆன்டெனாவில் உட்காருகிற காகத்தைக் குறிவையுங்கள். கறுப்பு உடம்பு, கறுப்புக் கண், மங்கின வெளிச்சம், சிங்கவால் குரங்குக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. 1/100-ல் பத்துப் படம் அடித்து, கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து, காகத்தின் கண்ணில் வானத்தின் பளபளப்பு தனியாகத் தெரிகிற படம் குறைந்தது நான்கு இருந்தால் அந்த லென்ஸை வாங்கலாம். அப்படியே கையில் பிடித்து அரை மணி நேரம் நின்றும் பாருங்கள், தோள்பட்டை சொல்கிறதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.